வேத வாசிப்பும் உடற்பயிற்சியும் மூணாவது வாரத்தோட நின்னு போகுது, எப்படித் தொடரலாம்?

நோர்வூட் தம்பி (இலங்கை மலையகம்) கேட்டது:

ஸ்தோத்திரம் அண்ணாமாரே, அக்காமாரே. விடிய 4.45க்கு எழும்பி அரை மணித்தியாலம் வேதம் வாசிச்சு ஜெபம், அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஓட்டம். இதுதான் திட்டம். ரெண்டு வாரம் நல்லாப் போகும். மூணாவது வாரத்துல மழையோ முழு இரவு ஜெபமோ வந்து ஒரு நாள் தவறினா, அடுத்த நாள் ரெண்டுமே நின்னுடுது. வேத வாசிப்பு அட்டவணையில பின்தங்கினா அதைத் திறக்கவே மனசு வர்றதில்ல.

நாலு விசயம் கேட்கணும். ஒண்ணு, ரெண்டையும் விடாமத் தொடர என்ன வழி? ரெண்டு, இறக்கத்துல ஓடினா முழங்கால் சில்லுக்குப் பின்னால வலிக்குது. மூணு, சபையில சிலர் “சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது” என்ற வசனத்தைச் சொல்லி இதெல்லாம் தேவையில்ல என்கிறாங்க, அது சரியா? நாலு, அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க, சீனி வருத்தத்துக்கு (நீரிழிவு) குளிசை குடிக்கிறாங்க, வெள்ளிக்கிழமை உபவாசமும் இருக்கிறாங்க. அவங்களுக்கு உடற்பயிற்சி வேணுமா?

அதிகாலை விளக்கு எழுதியது:

தம்பி, உங்கள் திட்டத்தில் ஜெபமும் ஓட்டமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. மழை பெய்தால் ஓட்டம்தான் நிற்க வேண்டும். ஆனால் ‘இன்றைய காலை போய்விட்டது’ என்ற எண்ணம் வந்து வேதப் புத்தகத்தையும் மூடிவிடுகிறது. முதலில் இரண்டையும் பிரியுங்கள். காலை வேதத்துக்கு, மாலை உடம்புக்கு. இல்லையென்றால் காலையிலேயே இரண்டும் இருக்கட்டும், நாட்காட்டியில் மட்டும் தனித்தனி அடையாளம் போடுங்கள். வேதத்துக்கு ஒரு கோடு, பயிற்சிக்கு ஒரு வட்டம். ஒன்று விடுபட்ட நாளில் மற்றது இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது அளவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு வையுங்கள். நல்ல நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று. மோசமான நாளின் அளவு, காய்ச்சல் இல்லாத எந்த நாளிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். வேதத்துக்குப் பத்து வசனமும் ஒரு கர்த்தருடைய ஜெபமும், உடம்புக்கு வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து எழும்புவது பத்துத் தடவையும் சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்துத் தடவையும். நாலு நிமிடத்துக்கு மேல் போகாது. அந்த நாளுக்கும் முழு அடையாளம் போடுங்கள், பாதி அடையாளம் வேண்டாம். அரை மணி நேரத்தையே குறைந்த அளவாக வைத்தவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் விழுகிறார்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் ஒரு வேலையில் கட்டுங்கள். 4.45 என்பது தூக்கம் குறைந்த நாளில் தவறும். அடுப்பில் கேத்தல் வைப்பது தவறாது. விறகடுப்பில் ஒரு லீட்டர் தண்ணீர் கொதித்து மூடி தடதடக்கும் வரை எட்டுப் பத்து நிமிடம் கிடைக்கும். ஒரு சிறிய அதிகாரத்தை வாய்விட்டு வாசிக்க அது போதும். கேத்தல் வைத்த கையோடு புத்தகம், தேத்தண்ணி ஊற்றிய பிறகு ஜெபம். போனை வேறு அறையில் வையுங்கள். வேதச் செயலியைத் திறக்கப் போனவர் முதலில் வாட்ஸ்அப்பைத்தான் பார்ப்பார். அச்சுப் புத்தகமே நல்லது.

வாசிப்பு அட்டவணையைப் பற்றி ஒரு கணக்கு. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று என்று ஜனவரி 1 தொடங்கினால் 30ஆம் தேதி யாத்திராகமம் முடியும், 31ஆம் தேதி லேவியராகமம் வாசலில் நிற்கும். யாத்திராகமத்தில் வரும் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளில் களைத்துப் போனவர் அங்கே நின்றுவிடுகிறார். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரம் ஐந்து வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும், சனியும் ஞாயிறும் விடுபட்டதை எடுக்க மிச்சமாக இருக்கும். மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான், மூன்று வாரமும் ஒரு நாளும். தேதி போட்ட அட்டவணையைக் கையில் எடுக்காதீர்கள். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தில் வாசித்த அதிகாரங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். தேதி இல்லாத இடத்தில் பின்தங்குவது என்று ஒன்று இல்லை. ஒரு வாரம் முழுதும் போனாலும், விட்ட இடம்தான் அடுத்த இடம்.

தவறிய நாளுக்கு ஒரே ஒரு விதி: தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. நேற்று விட்டதைச் சேர்த்து இன்று இரட்டிப்பாகவும் செய்யக்கூடாது. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்கு நடுமட்டமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியது அந்த ஊறலைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. மூன்றாவது வாரம் என்பது 21ஆம் நாள். இன்னும் வேர் பிடிக்காத நாற்று அது, அந்த நேரத்தில் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

லெந்து என்ற தவக்கால நாட்களையும் எண்ணிப் பாருங்கள். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் வரை 46 நாள். நாற்பது என்று சொல்வது ஆறு ஞாயிறுகளையும் கழித்துத்தான். ஒறுத்தலுக்குள்ளேயே ஓய்வை வைத்து எண்ணியது திருச்சபை. பயிற்சிக்கும் ஞாயிறு வெறுமையாக இருக்கட்டும், அதை ‘விட்ட நாள்’ என்று எழுத வேண்டாம்.

கொட்டகலை மேட்டுப்பாதை எழுதியது:

முழங்கால் கேள்விக்கு நான் சொல்றேன் தம்பி. ஏத்தத்துல தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறக்கத்துல அதே தசை நீண்டுக்கிட்டே உடம்பைப் பிரேக் போட்டுப் பிடிக்குது. சில்லு தொடையெலும்போட அழுந்துறதும் அப்பத்தான் கூடுது. புதுசா ஓடுறவர் ஏத்தத்துல மூச்சு வாங்கிட்டு, இறக்கம் லேசா இருக்கேன்னு அங்கதான் வேகமா ஓடுவார். வலி அங்கிருந்துதான் வருது. அதனால மாத்திப் போடுங்க: ஏத்தத்துல ஓட்டம், இறக்கத்துல நடை. இறங்கும்போது அடியைச் சின்னதா வைங்க, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைங்க, குதிகாலைக் குத்தி இறங்காதீங்க.

முதல் ரெண்டு வாரம் ஓடவே வேணாம். வாரம் மூணு நாள், ஒவ்வொரு நாளும் 20 நிமிசம் விறுவிறு நடை. மூணாம் நாலாம் வாரம் 8 நிமிசம் நடந்து உடம்பு சூடான பிறகு, ஏத்தத்துல ஒரு நிமிசம் மெல்லோட்டம், ரெண்டு நிமிசம் நடை, இப்படி ஆறு தடவை. அடுத்த ரெண்டு வாரம் ஓட்டத்தை ஒன்றரை நிமிசமாக்குங்க. அதுக்குப் பிறகு மொத்த நேரத்தை வாரத்துக்குப் பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதீங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்கு 150 நிமிசம் நடுத்தர வேகம், அதோட ரெண்டு நாள் தசைப் பயிற்சி. அங்க போய்ச் சேர மூணு மாசம் எடுத்தாலும் பரவாயில்ல.

வேகம் சரியான்னு பார்க்க மணிக்கூடு தேவையில்ல. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்பதை ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க. உடையாமச் சொல்ல முடிஞ்சா நடுத்தர வேகம். கீர்த்தனையே பாட முடிஞ்சா கொஞ்சம் கூட்டலாம். “கர்த்தர் என்”னோட மூச்சு அறுந்தா குறைங்க.

நோர்வூட் மைதானம் கிட்ட இருந்தா ஓட்டத்தை அங்க வச்சுக்கோங்க, சமதரை முழங்காலுக்குப் பெரிய உதவி. றோட்டுலதான்னா வலப்பக்கமா, வர்ற வாகனத்தைப் பார்த்தபடி போங்க. இங்க வாகனம் இடப்பக்கம் ஓடுறதால பின்னாலிருந்து வர்ற பஸ் மூட்டத்துல தெரியாது. வெள்ளைச் சட்டை, கையில டோர்ச். தேயிலை மலைக்குள்ள இருட்டோட போகாதீங்க. சிறுத்தை நடமாடுற நேரம் அது. குளவிக்கூடு தொங்குற மரத்தையும் இருட்டுல கண்டுபிடிக்க முடியாது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இறங்குற சீமெந்துப் படியில பச்சைப் பாசி பிடிச்சிருக்கும், மழை நாள்ல ஓட்டத்தை விட அந்தப் படிதான் ஆபத்து.

இன்னொரு முக்கியமான விசயம். வருசப் பிறப்புலயோ லெந்துலயோ தொடங்குறவங்க காய்ஞ்ச மாசத்துல தொடங்குறாங்க. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே கடைசியில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. வெளியில ஓடுறது மட்டுமே திட்டம்னா ஜூன்ல அது செத்துப் போகும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பெருமழை அக்டோபருக்குப் பிறகு, அவங்க கணக்கை அதுக்கேத்த மாதிரி போட்டுக்கணும். மழை மாசத்துக்கு இஸ்தோப்புப் (வீட்டு முன்திண்ணை) பயிற்சிதான் முதல் திட்டம், ஓட்டம் கிடைச்சா லாபம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுல (அறையில) பாய் விரிக்கிற இடம் போதும். வாங்குல உட்கார்ந்து எழும்புறது 12, தண்டால் 8 (முடியாதவங்க வாங்கு விளிம்புல கைவச்சு), 5 லீட்டர் தண்ணிக் கேனைக் குனிஞ்சு இடுப்புக்கு இழுக்கிறது ஒரு கைக்கு 10, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கறது 12, முழங்கை ஊன்றி உடம்பை நேராப் பிடிக்கிற பிளாங்க் 20 செக்கன். இதை மூணு சுற்று, சுற்றுக்கு நடுவுல ஒரு நிமிசம் ஓய்வு. மொத்தம் 18 நிமிசத்துக்குள்ள முடியும். கேன்ல தண்ணி நிறைஞ்சா 5 கிலோ, லேசாத் தெரிஞ்சா 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குங்க. முழங்காலுக்குத் தனியா ஒண்ணு: ஒரு படி விளிம்புல ஒத்தக்கால்ல நின்னு, மத்தக் குதிகால் கீழ்ப்படியைத் தொடுற வரைக்கும் மூணு செக்கன் எடுத்து இறங்கி ஏறுங்க. காலுக்கு 8, வாரம் மூணு நாள். முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது, ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும். பத்துல மூணு அளவு வலின்னா தொடரலாம். அடுத்த நாள் காலையிலும் வலியோ வீக்கமோ இருந்தா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க. முழங்கால் பூட்டிக்கிட்டா, மடங்கிச் சரிஞ்சா வைத்தியர்கிட்ட காட்டணும்.

நோர்வூட் தம்பி:

நன்றி அண்ணா. சப்பாத்து நனைஞ்சா ரெண்டு நாளா காயுறதில்ல, அடுப்புக்கு மேல தொங்க விடலாமா?

கொட்டகலை மேட்டுப்பாதை:

வேணாம். அடுப்புச் சூட்டுல பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்திடும். உள்தட்டை வெளிய எடுத்து, பழைய பேப்பரைக் கசக்கி விரல் நுனி வரைக்கும் அடைங்க. ஒரு மணித்தியாலத்துல பேப்பர் ஊறிப் போயிருக்கும், அதை எடுத்துட்டுப் புதுசா அடைங்க. ராத்திரி ஒருக்கா மாத்தினா காலையில போடலாம். அட்டை ஏறுற பாதைன்னா காலுறைக்கு வெளியில சவர்க்காரத்தைத் தேய்ச்சுக்கோங்க.

மருந்துப்பெட்டி அக்கா எழுதியது:

அம்மாவின் விசயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீனிக்குக் குடிக்கிற குளிசை எதுவென்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் உபவாசத்தில் சீனி திடீரென இறங்கும் ஆபத்து குறைவு. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவையோ இன்சுலினோ இருந்தால், சாப்பிடாமல் மருந்தை மட்டும் எடுப்பது ஆபத்து. அந்தக் குளிசைகள் சோறு வந்ததா என்று பார்ப்பதில்லை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் வெறும் வயிற்றோடு மலையில் ஏறி இறங்கினால் தசைகளும் சீனியை இழுக்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் அது சோதனை அல்ல, சீனி இறங்கியதன் அடையாளம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் மூன்று. அதற்குப் பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. சீனி பார்க்கும் அளவி இருந்தால், அது 70 mg/dLக்குக் கீழே காட்டியதும் உபவாசம் அங்கேயே முடிகிறது. கொழுந்துப் பையில் ஒரு சீனிப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

குளிசையைத் தானாக நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது. அடுத்த கிளினிக் தவணையில் “வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கலாமா?” என்று நேராகக் கேளுங்கள். வேலை நாளில் வேண்டாம் என்பது என் கருத்து. வேலையில்லாத நாளில், அதுவும் வைத்தியர் சரி என்றால் மட்டும். கத்தோலிக்க ஒழுங்கிலேயே உபவாசக் கட்டாயம் 18 வயதிலிருந்து 60ஆவது வயது தொடங்கும் வரைதான், நோயாளிகளுக்கு அது இல்லை. சீனி போடாத தேத்தண்ணி, ஒரு வேளைச் சாப்பாட்டில் மட்டும் இறைச்சி இல்லாமல், டிவி நாடகத்தை விட்டுவிட்டு ஜெபம் என்று அம்மா வேறு ஒறுத்தல் எடுக்கலாம். தம்பி, நீங்களும் உபவாச நாளில் ஓட வேண்டாம், 15 நிமிட நடை போதும். மாலையில் உபவாசம் முடிக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கஞ்சி, அரை மணி நேரம் கழித்துச் சோறு.

அம்மாவுக்கு நடைப்பயிற்சி தேவையில்லை. நாள் முழுதும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறவருக்கு நடை ஏற்கெனவே கிடைக்கிறது. கிடைக்காதது எதிர்ப்பக்க அசைவு. கூடைக் கயிறு தலையில் இழுக்க, கழுத்து முன்னால் நீண்டு, முதுகு குனிந்தே இருக்கிறது. வீடு வந்து இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்த பிறகு எட்டு நிமிடம் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, நாடியை (முகவாயை) உள்ளே இழுத்துப் பின்தலையைச் சுவரில் ஐந்து செக்கன் அழுத்துவது 10. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது 10. இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் வளைவது 10. சுவரில் கையூன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை இழுப்பது காலுக்கு 30 செக்கன், இரண்டு தடவை. தலை சுற்றினால் பின்னால் வளைவதை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைத் தேயிலையின் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். இரத்தச்சோகை தோட்டத்துப் பெண்களிடம் எத்தனை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடும் பாலோடும் குடிக்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீரோடோ கொய்யாப்பழத்தோடோ குடிக்கலாம். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 12 கிராம், ஐந்து கோப்பையில் 60 கிராம். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் உலக அளவு. சீனி வருத்தம் இல்லாத தம்பிக்கும் அது பொருந்தும். பயிற்சி செய்கிறவர் ரொட்டியும் கட்டச் சம்பலும் மட்டும் சாப்பிட்டால் தசை தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் உலர்ந்த பருப்பில் 24 வரை, 50 கிராம் உலர்ந்த சோயாமீற்றில் 25 அளவில். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 கிராம் வந்தால் நல்லது.

உபதேசியார் வீடு எழுதியது:

வசனத்தைப் பற்றி. அது 1 தீமோத்தேயு 4:8. ஆனால் அதை 7ஆம் வசனத்திலிருந்து வெட்டிவிட்டுத்தான் பலர் வாசிக்கிறார்கள். அங்கே பவுல் “தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு” என்கிறார், அடுத்ததில் “சரீர முயற்சி” என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் ‘முயற்சி’ என்றே வைத்திருப்பது தற்செயல் அல்ல. கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே வேர்ச்சொல்தான், ஜிம்னாசியம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. உடம்பைப் பழக்குகிற மாதிரி பக்தியையும் பழக்கு என்பதுதான் அங்குள்ள பேச்சு. ‘அற்ப பிரயோஜனம்’ என்றால் பிரயோஜனமே இல்லை என்று அர்த்தமாகாது. ஒன்று இந்த ஜீவனோடு நிற்கிறது, மற்றது வரப்போகும் ஜீவனுக்கும் செல்கிறது, அதனால் இது சிறிது, அது பெரிது. இதை மறந்து ஜிம் படங்களைப் பெருமைக்குப் போடுகிறவருக்கு அந்த வசனம் ஒரு கடிவாளம். நடக்கவே மாட்டேன் என்கிறவருக்கு அது சாட்டுச் சொல்ல ஒரு மறைவிடம் ஆகிவிடக்கூடாது.

1 கொரிந்தியர் 9இல் பந்தயச் சாலையைப் பற்றிப் பவுல் எழுதியது கொரிந்து ஊராருக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் அவர்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நடந்தன, வென்றவருக்குக் கிடைத்தது வாடிப்போகும் இலை முடி. அதனால்தான் ‘அழிவுள்ள கிரீடம்’ என்றதும் அவர்களுக்குச் சட்டென்று விளங்கியது.

களைத்துப்போன தம்பிக்கு 1 இராஜாக்கள் 19ஐயும் காட்ட வேண்டும். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தான். சாப்பிட்டுப் படுத்தவனை மறுபடி தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான். முழு இரவு ஜெபத்துக்குப் போய் விடிய 5 மணிக்கு வந்தவர் அதே காலையில் ஓட வேண்டியதில்லை. தூங்கட்டும். அன்று மாலை அந்த நாலு நிமிட அளவைச் செய்யட்டும். சாதாரண நாளில் 4.45க்கு எழும்புகிறவர் 9.45க்காவது படுத்திருக்க வேண்டும், அதுவும் ஏழு மணி நேரம்தான்.

பண்டாரவளை நடை எழுதியது:

மேலே எல்லாரும் நல்லாச் சொல்லிட்டாங்க, ஒன்றில் மட்டும் கவனம். பிரிக்கச் சொன்னதைக் கேட்டு, “நடக்கிற நேரத்துல ஜெபிச்சா ரெண்டு வேலையும் முடியும்” என்று திரும்பவும் ஒட்டிவிடாதீங்க. நடை ஜெபம் மற்றவங்களுக்காக மன்றாட நல்லது. அமைதியா உட்கார்ந்து வாசிக்கிறதுக்கு அது பதிலாகாது. ஏத்தத்துல மூச்சு வாங்கும்போது மனசு வசனத்துல நிற்காது.

செய்யிறதா இருந்தா இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு லயத்தையும் தாண்டும்போது அந்த லயத்து வீடுகளை மனசுல எடுங்க. முதல் காம்பராவுல யாருக்குச் சுகமில்ல, அடுத்ததுல யார் பரீட்சை எழுதுறாங்க, கடைசி வீட்டுல யார் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்காங்க. லயம் முடிஞ்சா அந்த ஜெபம் முடிஞ்சது, அடுத்த லயம் வர்ற வரைக்கும் சும்மா நடங்க. காதில இயர்போன் வேணாம். பாட்டுப் போட்டுக்கிட்டு நடந்தா பின்னால வர்ற பவுசர் (டேங்கர் லொறி) சத்தமும் கேட்காது, இஸ்தோப்புல உட்கார்ந்திருக்கிற பாட்டி கூப்பிடுறதும் கேட்காது. கூப்பிட்டா நின்னு பேசுங்க, அந்த மூணு நிமிசத்தை நடைக் கணக்குல கழிக்க வேணாம்.